9,592 கிலோமீட்டருக்கு ஏன் 14 மணி நேரம்?

கேள்வி: மார்ச் 20 அன்று லண்டனிலிருந்து டோக்கியோ போகிறேன், ஏப்ரல் 3 அன்று திரும்புகிறேன். தூரம் சொல்லும் ஓர் இணையதளத்தில் 9,592 கி.மீ., பறக்கும் நேரம் 11 மணி 20 நிமிடம் என்று இருக்கிறது. நான் பார்த்த இடைநில்லா விமானமோ மாலை 19:00க்குக் கிளம்பி மறுநாள் 17:50க்கு இறங்குகிறது. திரும்பும்போது காலை 09:30க்குப் புறப்பட்டு அன்றே 16:00க்கு வந்துவிடுமாம். போக ஏறக்குறைய 23 மணி, வர ஆறரை மணி என்றால் எப்படி? துபாயில் மாறிப் போகும் டிக்கெட் மலிவு. ஆனால் தூரம் 13,400 கி.மீ.க்கு மேல் வருகிறது, நடுவில் 75 நிமிடம்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்? இறங்கிய மறுநாள் காலை 9 மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் உண்டு.

பதில்:

முதலில் டிக்கெட் நேரங்களைப் பார்த்துவிடுவோம், குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் வருவது பயண நேரம் அல்ல. பயண நேரமும் நேர வித்தியாசமும் கலந்த ஒரு எண். இரண்டையும் யூடிசி நேரத்துக்கு, அதாவது உலகம் முழுக்கப் பொதுவான அடிப்படை நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழியுங்கள். மார்ச் 20 அன்று லண்டனில் யூடிசியும் உள்ளூர் நேரமும் ஒன்றே, ஆகவே புறப்பாடு 19:00. டோக்கியோ யூடிசியை விட 9 மணி முன்னால் இருப்பதால் அங்கே 17:50 என்பது யூடிசியில் காலை 08:50. மாலை 19:00 முதல் மறுநாள் 08:50 வரை 13 மணி 50 நிமிடம். போகும் பயணத்தின் உண்மையான நீளம் அதுதான்.

திரும்பும் பயணத்தில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. நீங்கள் போகும்போது 9 மணியாக இருந்த வித்தியாசம் திரும்பும்போது 8 ஆகிவிடும். டோக்கியோவில் 09:30 என்பது யூடிசியில் 00:30. லண்டனில் 16:00 என்பது யூடிசியில் 15:00. ஆக 14 மணி 30 நிமிடம். பழைய 9 மணியையே வைத்துக் கணக்கிட்டிருந்தால் பதினைந்தரை மணி என்று தப்பாக வந்திருக்கும். விமான நிறுவனங்களின் கோடை அட்டவணையும் அதே மார்ச் கடைசி ஞாயிறில்தான் தொடங்குகிறது. பல மாதங்களுக்கு முன்பே வாங்கிய டிக்கெட்டில், அந்தத் தேதிக்குப் பிறகு வரும் பயணத்தின் நேரம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனத்திலிருந்து வரும் மின்னஞ்சல்களை அந்த வாரங்களில் கவனமாகப் பாருங்கள்.

எந்த இரண்டு ஊருக்கும் இடையே வருடம் முழுக்க ஒரே வித்தியாசம் இருக்கும் என்று நம்பாதீர்கள். லண்டனும் நியூயார்க்கும் இரண்டுமே கடிகாரத்தை மாற்றுகின்றன, ஆனால் ஒரே நாளில் அல்ல. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிரிட்டனில் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் அவற்றின் வித்தியாசம் 5க்குப் பதில் 4 மணி.

இனி தூரம். நீங்கள் பார்த்த 9,592 தப்பே இல்லை. அது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே அமையும் மிகக் குறுகிய வழி. கையால் சரிபார்க்க ஆசைப்பட்டால் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தின் அட்சரேகை 51.47 பாகை வடக்கு, தீர்க்கரேகை 0.45 பாகை மேற்கு, டோக்கியோவின் ஹனேடா 35.55 வடக்கு, 139.78 கிழக்கு. ஒன்று மேற்கு, மற்றது கிழக்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 140.23. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.4548. அவற்றின் கோசைன் மதிப்புகளோடு 140.23இன் கோசைனையும் சேர்த்துப் பெருக்கினால் கழித்தல் 0.3896. இரண்டையும் கூட்டினால் 0.0652. இந்த எண்ணைக் கோசைனாகக் கொண்ட கோணம் 86.26 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 9,592 வந்துவிடும்.

இந்தக் கணக்கில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. விரிதாளில் பாகையை ரேடியனாக மாற்றாமல் சைன் எடுப்பது. அப்போது விடை அர்த்தமில்லாமல் வரும், அதனால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். 35 பாகை 33 நிமிடத்தை 35.33 என்று எழுதிவிடுவது. 33 நிமிடம் என்பது 0.55 பாகை, ஆகவே விமான நிலையம் சுமார் 24 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும், விடை மட்டும் நம்பும்படியாகவே இருக்கும். மூன்றாவது, மேற்குத் தீர்க்கரேகையின் குறியை மறப்பது. ஹீத்ரோவுக்கு அரைப் பாகைதான் என்பதால் தெரியாது. நியூயார்க்கின் 74 பாகைக்கு அதே தவறைச் செய்தால் ஊர் மத்திய ஆசியாவுக்குப் போய்விடும்.

வேறு தளத்தில் 9,610 என்று பார்த்தால் பதற வேண்டாம். பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டை. அதையும் சேர்த்துக் கணக்கிடும் தளங்கள் இந்த வழியில் 20 கி.மீ. போல வித்தியாசம் காட்டும். பெரிய தவறு அலகில்தான் நடக்கும். இதே தூரம் சாதாரண மைலில் 5,960, விமானிகள் பேசும் நாட்டிகல் மைலில் 5,179. நாட்டிகல் மைல் என்பது துல்லியமாக 1.852 கி.மீ.; சாதாரண மைல் 1.609. வெறும் ‘மைல்’ என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். மாற்றி எடுத்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிசகும். நகர மையத்திலிருந்து அளந்ததா, விமான நிலையத்திலிருந்தா என்பதும் உண்டு. டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான நரிட்டா நகரின் நடுவிலிருந்து 60 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. வானத்தில் இது ஐந்து நிமிடச் சமாச்சாரம். தரையிறங்கிய பின் ரயிலில் ஒரு மணி.

அந்த 11 மணி 20 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்கலாம். இப்படிப்பட்ட சில கணிப்பான்கள் தூரத்தை மணிக்கு 885 கி.மீ. என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்க்கின்றன. 9,592ஐ 885ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் மிகச் சரியாக அதே விடை. அதாவது அந்தத் தளம் எந்த விமானத்தையும் பார்க்கவில்லை, எந்த அட்டவணையையும் பார்க்கவில்லை. ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டிருக்கிறது. பாதை திறந்திருந்து காற்றும் அமைதியாக இருந்தால் அது மோசமான மதிப்பீடு அல்ல. உங்கள் பயணத்தில் இரண்டுமே அப்படி இல்லை.

லண்டனிலிருந்து டோக்கியோவுக்கான பெருவட்டம் தட்டையான வரைபடத்தில் மேலே வில்லாக வளைந்து 71 பாகை வடக்கு வரை ஏறி, ரஷ்யாவின் வட விளிம்பைத் தொட்டு சைபீரியா வழியாக இறங்குகிறது. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிக்கொண்ட பிறகு, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் ஆகியவற்றின் நிறுவனங்கள் அந்த வழியில் பறப்பதில்லை. உக்ரைன் வானமும் மூடியிருக்கிறது. மிஞ்சுவது துருக்கி, காகசஸ், கஸ்பியன் கடல், மத்திய ஆசியா, சீனா என்று தெற்கே சுற்றிப் போகும் பாதை; அல்லது அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கமாக வடக்கே சுற்றும் பாதை.

சுற்று எவ்வளவு என்பதை அதே சூத்திரத்தால் உத்தேசமாகப் பார்க்கலாம். தெற்குப் பாதையின் நடுவே, கஸ்பியன் கரையில் இருக்கும் பாகு நகரை எடுத்துக்கொள்வோம். லண்டனிலிருந்து பாகு சுமார் 4,000 கி.மீ., பாகுவிலிருந்து டோக்கியோ சுமார் 7,520. கூட்டினால் 11,520. லண்டன்–பாகு நேர்கோடும் உக்ரைன் பக்கம் போவதால், துருக்கி வழியாக இறங்கிப் போகும்போது இன்னும் கொஞ்சம் கூடும். 11,520ஐ மணிக்கு 900ஆல் வகுத்தால் 12 மணி 48 நிமிடம். ஏறி இறங்கும்போது வேகம் குறைவதற்கு அரை மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் இறங்கிய பின் வாயிலுக்கு வரவும் இன்னொரு அரை மணி. 13 மணி 50 நிமிடம் ஏறக்குறைய வந்துவிட்டது. டிக்கெட்டில் இருப்பது நியாயமான நேரம்தான்; யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஹெல்சிங்கி–டோக்கியோ இன்னும் கடுமையான உதாரணம். முன்பு ஒன்பதரை மணியில் முடிந்த பயணம் 13 மணியைத் தொட்டுவிட்டது, ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தும்.

இதில் ஊர்வதையும் சேர்த்தேனே, அது ஏன் என்றால் அட்டவணையில் போடும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. வாயிலில் சக்கரத்தடையை எடுத்த நொடியிலிருந்து மறு ஊரின் வாயிலில் தடையை வைக்கும் நொடி வரையான நேரம், துறையில் ‘பிளாக் டைம்’ என்பார்கள். நெரிசல் மிகுந்த நிலையங்களில் தரையில் மட்டும் அரை மணிக்கு மேல் போகும். கூடவே, தாமதம் என்ற பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே எழுதி வைக்கின்றன. விமானம் 25 நிமிடம் முன்னதாக இறங்கி, வாயில் காலியில்லாமல் 20 நிமிடம் நிற்பது இதனால்தான்.

அடுத்தது காற்று. பயணிகள் பெரிதாக நினைக்காத ஒன்று, ஆனால் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இல்லாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றோட்டம் ஓடுகிறது. நீண்டதூர விமானங்கள் பறக்கும் உயரமும் அதே. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதுண்டு. காற்றுக்குள் விமானத்தின் வேகம் மாறாது. தரையோடு ஒப்பிட்ட வேகம்தான் மாறும். 2020 பிப்ரவரி 9 அன்று, புயல் காற்று முதுகில் தள்ள, நியூயார்க்கிலிருந்து ஒரு போயிங் 747 லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. அதே வழிக்குச் சாதாரணமாக ஆறரை முதல் ஏழு மணி ஆகும். எதிர்த்திசையில் எட்டு மணி வரை போகும்.

போகும்போது மிச்சமான நேரம் வரும்போது செலவாகி, மொத்தத்தில் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 6,000 கி.மீ. தூரத்தை மணிக்கு 900 வேகத்தில் போய்வர 13 மணி 20 நிமிடம் வேண்டும். 100 கி.மீ. காற்று வீசினால் ஒரு பக்கம் 6 மணி, மறுபக்கம் ஏழரை மணி, மொத்தம் பதின்மூன்றரை. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் நட்டம் எப்போதும் லாபத்தை விடக் கூடுதல்.

அதனால்தான் அன்றன்றைய பாதையை அன்றன்றே வகுக்கிறார்கள். வட அட்லாண்டிக்கில் நாளுக்கு இருமுறை, காற்றைப் பார்த்துப் பாதைத் தொகுப்பையே புதிதாக வெளியிடுகிறார்கள். கிலோமீட்டரில் நீளமான பாதை மணிக்கணக்கில் குறுகியதாக இருப்பது சாதாரணம். உங்கள் திரும்பும் பயணத்தில் சில நிறுவனங்கள் எதிர்காற்றைத் தவிர்க்க டோக்கியோவிலிருந்து கிழக்கே கிளம்பி, அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாக லண்டன் வருவதுண்டு. அப்படி அமைந்தால் ஜன்னல் இருக்கை கேளுங்கள். காலையில் கிளம்பி, சில மணி நேரத்தில் தேதிக்கோட்டைக் கடந்து முந்தின நாள் இரவுக்குள் போய், மீண்டும் அதே தேதியின் காலைக்குள் வருவீர்கள். இது புதுமையும் அல்ல. சோவியத் வானம் மூடியிருந்த காலத்தில், 1957 முதலே, ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போன விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

இப்போது துபாய் டிக்கெட். லண்டன்–துபாய் சுமார் 5,500 கி.மீ., துபாய்–டோக்கியோ சுமார் 7,935, மொத்தம் 13,435. 9,592ஓடு ஒப்பிட்டால் 40 சதவீதம் அதிகம் என்று தோன்றும். ஆனால் இடைநில்லா விமானமே 11,520 பறக்கிறது. அதோடு ஒப்பிட்டால் 17 சதவீதம்தான். மணியில் பார்த்தால் முதல் கட்டம் ஏறக்குறைய 7, இரண்டாவது ஒன்பதரை, ஆகப் பதினாறரை. இடைநில்லா விமானத்தை விட இரண்டரை மணிதான் கூடுதல், மாறுவதற்கான நேரம் தனி. ஆகவே தூரத்தைக் காட்டி அந்த டிக்கெட்டை ஒதுக்க வேண்டியதில்லை. 75 நிமிடம்தான் யோசிக்க வைக்கிறது.

75 நிமிடம் என்பது முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்து, இரண்டாவது விமானம் கிளம்பும் வரைக்குமான இடைவெளி. வாயிலை 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். பின்வரிசையில் அமர்ந்தால் இறங்கவே 15 நிமிடம். மிச்சம் நாற்பது நிமிடத்துக்குள் பாதுகாப்புச் சோதனை, முனையம் மாறுதல் எல்லாம். இரண்டு கட்டமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில், அதாவது ஒரே முன்பதிவில், இருந்தால், அந்த நிலையத்தின் குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்குக் கீழே விற்க மாட்டார்கள். தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் ‘அடுத்த விமானம்’ எப்போது என்று பாருங்கள். அந்த வழியில் நாளுக்கு ஒன்றுதான் என்றால், பத்து நிமிடத் தாமதம் உங்கள் கூட்டத்தையே விழுங்கிவிடும். இரண்டரை மணி இடைவெளி உள்ள இணைப்பைக் கேளுங்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட் என்றால் கதையே வேறு. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம், தவறவிட்டால் பணம் போனதுதான். அதற்கு நான்கு மணிக்குக் குறைவான இடைவெளியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒரு வழியும் இருக்கிறது. சீன நிறுவனங்கள் இன்னும் ரஷ்ய வானத்தைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் லண்டன்–பெய்ஜிங் பத்து மணி போல, அங்கிருந்து டோக்கியோ மூன்றேகால் மணி. பறக்கும் நேரம் இடைநில்லா விமானத்தை விடக் குறைவாகவே வரும். இரண்டரை மணி இணைப்பையும் சேர்த்தால்கூடப் பதினாறு மணிக்குள் முடிந்துவிடும். இடைமாற்று விசா விதியை மட்டும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஏற்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது ‘டைரக்ட்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். ஒரே விமான எண் இருந்தால் நடுவில் இறங்கி ஏறினாலும் அதை அப்படி அழைப்பார்கள். ‘நான்ஸ்டாப்’ அல்லது ‘0 நிறுத்தம்’ என்று இருப்பதே இடைநில்லா விமானம். நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்றிருந்தால் மறுநாள் சேரும் என்று பொருள். ஓட்டலை அந்தத் தேதிக்குப் பதிவு செய்யுங்கள். புறப்படும் தேதிக்கே அறை போட்டுவிட்டு ஓர் இரவு வாடகையை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

உங்கள் கூட்டத்துக்கு வருவோம். 17:50க்கு இறங்கினால் குடிவரவு, பெட்டி, ரயில் எல்லாம் கழிந்து அறைக்குப் போக இரவு எட்டு ஆகும். அங்கே இரவு 22:00 என்பது உங்கள் உடலுக்குப் பகல் 13:00, தூக்கம் வராது. காலை 9 மணிக் கூட்டம் உடலுக்கு நள்ளிரவு. கூட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாவிட்டால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். அப்படியானால் துபாய் டிக்கெட்டையும், இணைப்பு நேரத்தை நீட்டி, தயக்கமின்றி வாங்கலாம். தேதியை மாற்ற வழியே இல்லை என்றால் இடைநில்லா விமானத்தையே எடுங்கள். நரிட்டாவுக்கு அல்ல, ஹனேடாவுக்கு.